விளக்கடக்கி ஐயாவின் கறுப்புத் துணி

பழைய கார்ச் சந்தைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் ஈ நுழைய இடமில்லை. கார்கள், கார்களுக்குப் பின்னால் கார்கள், உள்ளே பயபக்தியோடு மனிதர்கள். எல்லாருக்கும் ஒரே வியாதி: ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏதோ ஒரு எச்சரிக்கை விளக்கு எரிகிறது, அணைய மாட்டேன் என்கிறது. எல்லாருக்கும் ஒரே வைத்தியர், விளக்கடக்கி ஐயா. அவர் கையில் எண்ணெய்க் கறை படாது. காரைக் கறுப்புத் துணியால் மூடி, உள்ளே தனியாக உட்கார்ந்து விளக்கோடு பேசுவார். விளக்கு வெட்கப்பட்டு அணைந்துவிடும். அதுவரை வண்டிக்காரர் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் தோஷம் இரட்டிப்பாகுமாம். எவ்வளவு வசதியான தோஷம் பாருங்கள்!

வரிசையில் நம் மருந்துக்கடைக்காரரும் நின்றார். காய்ச்சலுக்கு மந்திரித்த தண்ணீர் குடித்தேன் என்று யாராவது வந்தால், "அறிவிருக்கா உனக்கு?" என்று வாசல்வரை துரத்தித் திட்டுகிறவர். ஆனால் அது உடம்பு, இது காராயிற்றே. காருக்கு எதற்குப் பகுத்தறிவு!

மெக்கானிக் முதலிலேயே சொல்லியிருந்தார்.

"அண்ணே, ஏபிஎஸ் விளக்கு சும்மா எரியல. சக்கரத்துல இருக்கிற சென்சார் போச்சு. பிரேக் பிடிக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா ஈர ரோட்டுல அழுத்தி மிதிச்சா சக்கரம் சுத்தாம பூட்டிக்கும். நீங்க ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராத்தான் வழுக்கும். மாத்திடலாமா?"

"கிழட்டு வண்டிக்கு எதுக்குப்பா ராஜ மரியாதை?"

"வண்டிக்கு வயசாயிடுச்சுன்னு மழை தள்ளி நின்னு பெய்யுமாண்ணே?"

மருந்துக்கடைக்காரர் கோபித்துக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டார்.

மருந்துக்கடைக்காரரின் காரை மூடிய கறுப்புத் துணிக்குள்ளிருந்து ஐயா வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். "அடங்கிட்டா. ரொம்பப் பிடிவாதக்காரி." கூட்டம் கைதட்டியது.

பக்கத்தில் நின்ற தொப்பிக்காரர் உருகினார். "எனக்குப் பெட்ரோல் விளக்கை அடக்கினாருங்க. நேத்து நட்டநடு ரோட்டுல பெட்ரோல் தீர்ந்து வண்டியே நின்னுபோச்சு. அப்பக்கூட விளக்கு எரியலையே! என்ன சக்தி, என்ன சக்தி!"

மருந்துக்கடைக்காரருக்கும் மெய்சிலிர்த்தது.

அன்று சாயங்காலமே மழை. அவர் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். வேலைக்கு அவள்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஐயாவின் மகிமையை அளந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரித் திருப்பத்தில் ஒரு பெண், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையில் இறங்கினாள். நர்ஸ் பிரேக்கை ஓங்கி மிதித்தாள், ஸ்டியரிங்கை ஒடித்தாள். கார் கேட்கவில்லை. நேராக வழுக்கிக்கொண்டே போய், குழந்தை வண்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. குழந்தை சிரித்தது. தாய்க்கு முகத்தில் ரத்தமே இல்லை. மருந்துக்கடைக்காரருக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

காரை ஓரங்கட்டி, நர்ஸ் வண்டியை அணைத்துவிட்டுச் சாவியை மறுபடி திருப்பினாள்.

"பாருங்க. சாவியைத் திருப்பினா எல்லா விளக்கும் ஒரு தடவை எரிஞ்சு அணையணும். நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னு அது சொல்ற விதம். ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரியவே இல்லை."

"அதான் ஐயா அடக்கிட்டாரே..."

"எங்க வார்டுல நோயாளிக்கு மூச்சு முட்டினா மணி அடிக்கும். மணியோட ஒயரைப் பிடுங்கிட்டு, குணமாயிடுச்சுன்னு வீட்டுக்கு அனுப்பலாமாங்க?"

மருந்துக்கடைக்காரருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலி இடத்தில், கூட்டத்துக்கு நடுவே நர்ஸ் நின்றாள். வேடிக்கை பார்க்கப் புது டாக்சியோடு வந்தவரிடம் சாவியைத் திருப்பச் சொன்னாள். விளக்குகள் எல்லாம் எரிந்து அணைந்தன.

"இது நோயில்லாத வண்டி. இப்ப ஐயாகிட்ட குணமானவங்க எல்லாரும் திருப்புங்க."

திருப்பினார்கள். அடங்கின விளக்கு ஒன்றுகூட எழவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

"அடங்கினது எழாதும்மா. அதுக்குப் பேர்தான் முக்தி," என்றார் ஐயா.

"சரிங்கய்யா. இன்னொரு விளக்கை அடக்குங்க. துணி வேண்டாம். கையைப் பின்னால கட்டிக்கிட்டு, நாங்க பார்க்கப் பேசுங்க."

"இன்னைக்கு எனக்கு மௌன விரதம்!" என்று உரக்கக் கத்திவிட்டு ஐயா சாலையைப் பார்த்து நடையைக் கட்டினார். தொப்பிக்காரர் பாய்ந்து சட்டையைப் பிடித்தார். பை கிழிந்தது. பொடிப்பொடி பல்புகள் பொலபொலவென்று தரையில் கொட்டின. கூடவே ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர். விளக்கோடு அவர் பேசிய பாஷை அதுதான்!

கூட்டம் பல்புகளைச் சுற்றி மொய்த்தது. அப்புறம் தொப்பிக்காரர் குனிந்து, "ஐயா, இதுல என்னோடது எது?" என்று பரிதாபமாகக் கேட்டார். இன்னொருவர் ஒரு பல்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரை என்ன செய்வது?

அன்றைக்கே மெக்கானிக் சென்சாரை மாற்றி, பல்பையும் பொருத்தினார். மருந்துக்கடைக்காரர் சாவியைத் திருப்பினார். ஏபிஎஸ் விளக்கு எரிந்தது, அணைந்தது. அவர் கை தானாகக் குவிந்தது. நர்ஸ் அதைத் தட்டிவிட்டாள்.

"கும்பிடாதீங்க. பிரேக்கை மிதிச்சுப் பாருங்க."

எச்சரிக்கிற விளக்கை அணைக்கிறேன் என்று வருகிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள், அன்பர்களே. அவர்கள் காருக்குத் துணி போடட்டும். உங்கள் தலைக்கு நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள்.