ராணியை வழியிலேயே விட்டுப்போனவனுக்கு

அடேய் வாலு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை எந்த விலாசத்தில் கேட்பது என்று தெரியாததால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

போன வாரம் உனக்கு நினைவுக் கூட்டம் நடத்தினார்கள். உன் ஆறு புத்தகங்களையும் படித்துத்தான் தாங்களும் மாயக்கதை எழுத வந்ததாக எட்டுப் பேர் மேடையில் அழுதார்கள். நீ ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் அந்த எட்டுப் பேருக்கும் வேறு கிரகத்தில் வேலை போலிருக்கிறது. ஒரு பேராசிரியர் உன் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக் காட்டி, ஓரத்தில் இருக்கிற டிக்கெல்லாம் ரகசிய நட்சத்திரக் கணக்கு என்று முக்கால் மணி நேரம் பேசினார். நான் எழுந்துவிட்டேன். "ஐயா, அது கணக்கு இல்லீங்க. நான் துணி தைக்கும்போது பக்கத்துல உக்காந்து வாசிப்பான். கதையைக் கேட்டு என் கால் மெஷினை நிறுத்திட்டா டிக் போடுவான், ஓடிக்கிட்டே இருந்தா கிழிச்சுப் போடுவான்" என்றேன். "பாவம், துக்கத்துல பேசுறாங்க" என்று உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அதோடு விட்டார்களா? மறுநாள் பதிப்பாளர் உன் சீடரோடு வீட்டுக்கே வந்துவிட்டார். ஏழாவது புத்தகம் பாதியில் நிற்கிறதாம், பறக்கும் தீவை விட்டுத் துரத்தப்பட்ட ராணி திரும்புவாளா மாட்டாளா என்று வாசகர்கள் தவிக்கிறார்களாம், சீடர் முடித்துவைப்பாராம். தான் எழுதிப் பார்த்ததை வாசித்துக் காட்டினார். நான் இரண்டு சட்டையும் ஒரு தலையணை உறையும் தைத்துவிட்டேன். திடீரென்று அவர் முகமெல்லாம் பல்லாக, "அக்கா, மெஷின் நின்னுடுச்சு!" என்றார்.

"நூல் தீந்துபோச்சு தம்பி."

பதிப்பாளருக்கு வந்ததே கோபம். "உங்களுக்குக் கதையைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றார். எனக்கு என்ன தெரியும்? ராணி அழக் கூடாது, ஆத்திரத்தில் பாத்திரம் துலக்கட்டும் என்று சொன்னது யார்? நான் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. நீயும்தான் எங்கும் சொல்லவில்லை. யாரும் ஒரு எழுத்து எழுதக் கூடாது, அது அப்படியே கிடக்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டேன்.

எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு. மூக்குக்கண்ணாடியைத் தொலைக்காதே.

இப்படிக்கு,
கோபம் தீராத அக்கா

பின்குறிப்பு: நேற்று நானே அவர்களைக் கூப்பிட்டுவிட்டேன். அவள் நடுவழியில் நிற்பது தாங்கவில்லை. கடைசியில் நீ என்னிடம் முடிவைச் சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னேன். சொல்லச் சொல்லச் சீடர் எழுதிக்கொண்டார். பதிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரைத் தவிர வேற யாருக்கும் இது தோணாதும்மா" என்றார். நீ எங்கே சொன்னாய்? அந்தப் பதினோரு நாளில் உனக்கு நினைவே திரும்பவில்லை. நானாகத்தான் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நீயும் அவளைத் திரும்பி வரவிடுவதாகத்தானேடா இருந்தாய்?