நூறு டன் கல், நூற்றுப்பத்து டன் மாவு

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்குத் தன்னைத் தவிர எல்லோருமே கள்ளக்கணக்கு எழுதுகிறவர்களாகத்தான் தெரிவார்கள். நான் அதில் முதல் ரகம்.

ராஜபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல்லை அரைத்து மாவாக்கும் ஆலை. உள்ளே போகும் கல்லும் வெளியே வரும் மாவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்த முதல் நாள் காலையிலேயே, கல் போகும் பெல்ட்டின் எடைக்கருவியைச் சைபரில் வைத்தேன். (பெல்ட் நின்றுகொண்டிருந்தது. காலியாக ஓடவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று பாடத்தில் உண்டு. அன்றைக்கு நான் கிளாசுக்குப் போகவில்லை போல.)

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், நூறு டன் கல்லுக்கு நூற்றுப்பத்து டன் மாவு! ரீடிங் எழுதுகிறவர் சூப்பர்வைசர் ஞானராஜ் அண்ணாச்சி; சேத்தூர்க்காரர், பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். மாவு வாங்க வந்திருந்த மதுரைக்காரர் முன்னாலேயே முதலாளியிடம் பேப்பரை நீட்டி, "அண்ணாச்சி எழுதுற நம்பர் எல்லாம் பொய் சார்" என்று முழங்கினேன்.

முதலாளி முகம் சிவந்தது. "அண்ணாச்சி, நாளையிலருந்து வர வேணாம்."

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, நீ சைபர் வச்சப்ப பெல்ட்டு ஓடுச்சா?"

"இல்ல அண்ணாச்சி."

"அடியில குனிஞ்சு பாத்தியா?"

"இல்ல..."

"வா."

எல்லோரும் பெல்ட் பக்கம் போனோம். அங்கே வேலை பார்க்கும் பெண்கள், எறும்பு ஏறாமலிருக்கத் தங்கள் தூக்குச்சட்டிகளையும் அண்ணாச்சியுடையதையும் பெல்ட்டுக்கு அடியில், எடை பார்க்கும் இரும்புச் சட்டத்தில்தான் மாட்டுவார்களாம். பெல்ட் ஓடும் முன் எடுத்துவிடுவார்களாம். பெல்ட்டைக் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்தினார்கள். கல் எதுவும் இல்லை. ரீடிங் சைபருக்கும் கீழே கிடந்தது.

"ஏட்டி, அம்புட்டையும் கொண்டாந்து மாட்டுங்க" என்றார் அண்ணாச்சி.

பத்துத் தூக்குச்சட்டிகள் ஏறியதும் ரீடிங் கச்சிதமாகச் சைபரில் வந்து நின்றது. பத்து வீட்டுச் சோற்றைக் கழித்துக்கொண்டுதான் ஒரு வாரமாகக் கல்லை எடை போட்டிருக்கிறேன்!

வெட்கத்தில் செத்தேன். அதைவிட, ஒரு மனுஷனின் வேலையைப் பறிக்கப் பார்த்தோமே! எல்லோர் முன்னாலும் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். முதலாளியும், "மனசுல வச்சுக்காம நாளைக்கு வந்துருங்க அண்ணாச்சி" என்றார். மதுரைக்காரர் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது. "தப்ப என் கண்ணு முன்னாலயே தோண்டி எடுத்தீங்க. இனி உங்க நம்பர நம்பலாம்" என்று ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணாச்சி தன் தூக்குச்சட்டியைக் கழற்றி, "செத்த நேரம் உக்காரு தம்பி, சாப்பிட்டுட்டுப் பொறவு அழு" என்றார்.

இப்போது ஆலை ஆலையாகப் போய் நம்பர்களைச் சரிபார்ப்பதே என் பிழைப்பு. போன மாதம் வீட்டுக்கு எடை மெஷின் வாங்கினோம். ஏறி நின்று பார்த்துவிட்டு, "இது தப்பாக் காட்டுது" என்றேன்.

இந்தக் கதையைப் பல தடவை கேட்டிருந்த மகள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மெஷின் சரியாத்தாம்ப்பா இருக்கு. தூக்குச்சட்டி உங்க வயித்துக்குள்ள போயிருச்சு."