பொன்விளை நாட்டு வட்டித் திருவிழா

எந்த வரைபடத்திலும் இல்லாத பொன்விளை நாட்டில், அரசர் கடன் வாங்குவதைத் திருவிழாவாகக் கொண்டாடுவார்கள். கடன் பத்திரத்துக்கு வட்டி உயரும்போதெல்லாம் முரசு முழங்கும். தெருவெங்கும் சர்க்கரைப் பொங்கல் கிடைக்கும். ஆற்றுக்கு அக்கரையிலிருந்த சிறுமணல் நாடு நூற்றுக்கு நாலுதான் கொடுத்தது. கஞ்சப் பயல்கள் என்று இவர்கள் சிரித்தார்கள்.

பரிசல்காரர் மாரப்பனும் சிரித்தவர்தான். வட்டி பன்னிரண்டானபோது ஒரு இலை பொங்கல் தின்றார். வெளியூர் வணிகர்கள் கடன் தர மறுத்ததால் வட்டி இருபதானபோது இரண்டு இலை தின்றார். வட்டியைப் பணமாகக் கேட்பது அநாகரிகம், இனி அதற்கும் பத்திரமே தரப்படும் என்று ஆணை வந்தது. அசலைக் கேட்பவருக்கு நாட்டுப்பற்று இல்லை என்று இன்னோர் ஆணை வந்தது. வட்டி முப்பதைத் தொட்டதும் மாரப்பனுக்கு ஆசை தாங்கவில்லை. சோறு போடும் ஒரே பரிசலை விற்றுப் பத்திரம் வாங்க முடிவு செய்தார்.

"இத்தன வட்டி குடுத்தாத்தான் கடன் கிடைக்குதுன்னா, அந்தாள நம்பி யாருங்க குடுப்பா?" என்றாள் மனைவி தொட்டம்மா.

"உனக்கென்ன புள்ள தெரியும்? ராசாவே கையெழுத்துப் போடறாரு!"

மறுநாள் பரிசலை வாங்குபவர் வருமுன்னே, பொக்கிஷ மந்திரி பேரின்பநாதர் ஒரு பெட்டியோடு துறைக்கு வந்து பரிசலில் ஏறினார்.

"பெட்டியில என்னங்க சாமி?"

"எமது சேமிப்பு. சிறுமணல் நாட்டுப் பத்திரம் வாங்கப் போகிறோம்."

"அங்க நாலுதானுங்களே! நம்மூர்ல முப்பதாச்சே!"

மந்திரி கனிவோடு பார்த்தார். "அது குடிமக்கள் நலனுக்கான திட்டமப்பா. எமக்கு எதற்கு அத்தனை வட்டி? அசல் திரும்பி வந்தால் போதும்."

மாரப்பனின் துடுப்பு ஒரு கணம் நின்றது. பரிசல் இன்னும் தன் கையில்தான் இருக்கிறது என்பதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். அக்கரையில் மந்திரியிடம் கூலியை மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்தால் துறையில் ஒரே கூட்டம். மந்திரிகள், தளபதி, கிரீடத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்த ஒருவர் என்று எல்லோரும் பெட்டிகளோடு வரிசையில் நின்றார்கள். ஊருக்குள் முரசு முழங்கியது: "வட்டி ஐம்பது!" ஆரவாரம் வானைப் பிளந்தது.

சற்று நேரத்தில் முரசுக்காரரே மூச்சிரைக்க ஓடிவந்தார். "அண்ணே, நானும் வர்றேன். கூலிக்குப் பத்திரம் தரட்டுமா?"

"காசிருந்தா ஏறுங்க. இல்லேன்னா ஊருக்குள்ள திரும்பிப் போயி, இங்க யார் யார் நிக்கறாங்கன்னு முரசடிச்சுச் சொல்லுங்க."

முரசுக்காரர் ஊர்ப்பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மடியில் சில்லறை தேடினார்.