பின்சுவத்துப் பச்சையும் செம்மலோட ஞாயித்துக்கெழமையும்

உலகமே திரண்டு வந்தாலும் இன்னைக்கு அந்தச் சுவத்தச் சொரண்டுறதில்லைன்னு செம்மல் முடிவு பண்ணிட்டான். பொங்கல் முடிஞ்ச மொத ஞாயித்துக்கெழமை. அன்னவாசல் பக்கம் ஜல்லிக்கட்டு. பத்து மணிக்குக் கூட்டாளி முத்துராஜ் பைக்கோட வந்துருவான். போயே ஆகணும்!

ஆனா பொண்டாட்டி சுடர்விழி கம்பி பிரஷ்ஷ நீட்டிக்கிட்டு நிக்கிறா. வீட்டுப் பின்சுவரு இடுப்பு ஒசரத்துக்குப் பச்சப்பசேல்னு கெடக்கு.

"அரைமணி நேர வேலைங்க. சொரண்டிட்டு எங்க வேணாலும் போங்க."

"சொரண்டுறதா? இது என்னன்னு தெரியுமா சுடரு? இங்கிலீஷ்ல எம்-ஓ-எஸ்-எஸ், மாஸு! ஒரு குட்டிச்செடி."

"மாஸோ கீஸோ, பாசிதானே?"

செம்மல் சிரிச்சான். ஒரு வாரமா போன்ல வீடியோ பாத்துத் தேறுன சிரிப்பு.

"பாசின்னா வழவழன்னு கையில ஒட்டும். இதத் தொட்டுப் பாரு, வெல்வெட்டு! குட்டிக்குட்டியா எலை தெரியுதா? களைச்செடின்னா வேரு விட்டு சுவத்தப் பொளந்துரும். மாஸுக்கு வேரும் கெடையாது, பூவும் கெடையாது. பச்சப்புள்ள மாதிரி சும்மா ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். அதப் போயி சொரண்டச் சொல்றியே!"

சுடர்விழி குனிஞ்சு ஓரத்துல ஒரு கொத்தப் புடுங்கினா.

"இதுல வேரு தொங்குது. பூவும் இருக்குங்க, கடுகுல பாதி."

"அது மாஸு இல்ல. பாக்க அப்படியே இருக்கும், நாமதான் ஏமாறக்கூடாது." அந்த ஓரத்துல மிச்சமிருந்ததையும் ரெண்டே விரல்ல புடுங்கி எறிஞ்சான். "முடிஞ்சுச்சா? பாக்கியெல்லாம் அசல் மாஸு."

"நெசமாவா?"

"எங்க வேணாலும் வந்து சொல்றேன். நூலாட்டம் காம்பு, நுனியில வித்துத்தூள் இருக்குற குட்டிக் கூடு. பாத்தியா? அதான் அத்தாட்சி."

"சரிங்க, ஒத்துக்கிறேன். சொரண்ட வேணாம்."

செம்மலுக்குக் காளைய அடக்குன மாதிரி இருந்துச்சு. வாசல்ல ஹாரன் வேற. சட்டைய மாட்டினான்.

"ஏங்க, இது எதத் தின்னு வளருது?"

"தண்ணிதான்! எந்நேரமும் ஈரம் வேணும். கொஞ்சம் காஞ்சாலே சுருண்டுரும்."

"மழை விட்டு இருபது நாளாச்சே. ஈரம் எங்கேருந்து வருது?"

செம்மல் சுவத்தப் பாத்தான். சுவத்துக்கு அங்கிட்டு பாத்ரூம். பிளம்பர் எதுக்கு, தண்டச் செலவுன்னு அவனே மாட்டி, அவனே சிமிண்டு பூசுன பைப்பு இந்தச் சுவத்துக்குள்ளதான் ஓடுது.

சுடர்விழி கதவுக்குப் பின்னாடி கைய விட்டா. உளியும் சுத்தியலும் ரெடியா இருந்துச்சு. அதச் செம்மல் கையில குடுத்துட்டு வாசலப் பாத்துச் சத்தம் குடுத்தா.

"முத்துராஜண்ணே, நீங்க போயிட்டு வாங்க. அவரு இன்னைக்கு சுவத்த ஒடைக்கிறாரு!"