ஜோகெட் பிறந்த வரலாறு

ஒரே ஒரு சொல்லுக்காக ஒன்பது மணி நேரம் இருபது நிமிடம் நாற்காலி தேய்த்த மாமனிதர்களை உலகம் இதுவரை கண்டதில்லை. அந்தப் பெருமை மலேசியாவில் செர்டாங்குக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் பண்பாட்டுக் கழகத்துக்கே உரியது. சொல், ஜோகெட். ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்ளாமல் எதிரெதிரே நின்று துள்ளி ஆடும் மலாய் ஆட்டத்தின் பெயர். அது எந்த மொழியில் பிறந்தது என்பது அன்றைக்குள் முடிவாக வேண்டும்.

அவசரம் காரணமில்லாமல் வரவில்லை. போன மாதம் வேறொரு ஊர்க் கழகம் குச்சியில் குத்திச் சுடும் மலாய் இறைச்சியின் பெயரான 'சாத்தே' தமிழ்ச் சொல்தான் என்று நிறுவி, பத்திரிகையில் படம் போட்டுக்கொண்டது. அந்த அவமானத்துக்குப் பிறகு தலைவர் அழகேசன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தேவகி காலையிலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் ஒரு நாள் விடுப்பு எடுத்திருந்தாள். அவளுக்கு வேண்டியது சொல் அல்ல, சாவி. கூட்டம் நடந்த அந்த மண்டபத்தின் சாவி. தோட்டத்துப் பெண்கள் எட்டுப் பேர் சனிக்கிழமைகளில் அங்கேதான் ஜோகெட் ஆடிப் பழகினார்கள். மலேசிய தினத்தன்று மாவட்ட மேடையில் ஆட அழைப்பு வந்திருந்தது. வருகிறோமா இல்லையா என்று மறுநாள் சொல்லியாக வேண்டும். ஆனால் இரண்டு மாதமாக மண்டபம் அவர்களுக்கு மட்டும் பூட்டிக் கிடந்தது. காரணம் 'பராமரிப்பு'. வெளியே ஆடலாம் என்றால் தினமும் மழை.

நிகழ்ச்சி நிரலில் அவளுடைய சாவி 'இதர விஷயங்கள்' என்ற பெருந்தலைப்பின் கீழ் பத்திரமாக இருந்தது.

செயலாளர் பரஞ்சோதி எழுந்தார். "அகராதியில ஜாவா மொழின்னு போட்டிருக்கு, தலைவரே."

"ஜாவாவுக்கு மொதல்ல கப்பல் விட்டது யாரு?"

"நம்ம ஆளுங்க."

"அப்புறம் என்ன? எழுதிக்குங்க."

மலாக்கா போர்ச்சுகீசியர்களுக்கும் இந்த ஆட்டத்தில் பங்குண்டு என்று யாரோ முணுமுணுத்தார். தலைவர் கலங்கவில்லை. "அவங்க எதுல வந்தாங்க? கப்பல்ல. கப்பல்ங்கிற சொல்லே தமிழ். அதுலருந்து எறங்கினது மட்டும் எப்படி வேற மொழியா இருக்கும்?"

கைதட்டல் ஓய இரண்டு நிமிடம் ஆயிற்று.

தேநீர் உபயம், டவுனில் உணவகம் வைத்திருக்கும் ஈசா பாய். கெட்டிலோடு வந்தவர் சும்மா போயிருக்கலாம். "அரபுல 'ஷவ்க்'னு ஒண்ணு இருக்கு, தலைவரே. ஆசைன்னு அர்த்தம். அதுலருந்து வந்திருக்கலாம்ல?"

"பாய், நீங்க தேத்தண்ணியப் பாருங்க."

"பார்க்குறேன் லா. காலைலேருந்து ஒரு சொல்லு! இந்நேரத்துக்கு நான் முந்நூறு ரொட்டி போட்டிருப்பேன்."

அடுத்து நவீன விஞ்ஞானம் வரவழைக்கப்பட்டது. துணைச் செயலாளர் வசந்தன் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவிடம், ஜோகெட் தமிழ்ச் சொல்லா என்று கேட்டான். 'அருமையான கேள்வி! ஆம்' என்றது. யாரோ தூண்டிவிட, சயாமியச் சொல்லா என்றும் கேட்டான். 'அருமையான கேள்வி! ஆம்' என்றது. இரண்டாவது விடை ஒருமனதாகக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

"சயாம்காரன் இதக் கேட்டுட்டான்னா?" என்று பரஞ்சோதி கவலைப்பட்டார்.

"அவன்கிட்ட யாரு சொல்லப் போறா?" என்றார் தலைவர்.

மாலையில் உண்மை தானே வந்து விழுந்தது. சொக்க வைக்கும் ஆட்டம், சொக்காட்டம். சொக்காட்டம் கடலில் நனைந்து சோக்கட்டம் ஆகி, அலையில் அடிபட்டு ஜோகெட் ஆகிவிட்டது. தலைவரின் குரல் தழுதழுத்தது. "பத்தாயிரம் வருஷமா நம்ம ஆட்டம்யா இது! நம்ம தாய்மாருங்க ஆடின ஆட்டம்!" மண்டபத்துக்கே 'சொக்காட்ட மாமண்டபம்' என்று பெயர் சூட்டவும், வாசலில் கல்வெட்டு வைக்கவும் தீர்மானம் நிறைவேறியது.

தேவகி எழுந்தாள். "அப்ப சாவியக் குடுங்கண்ணே. நாங்க ஆடிப் பழகணும். நாளைக்குப் பதில் சொல்லணும்."

தலைவர் அன்போடு சிரித்தார். "அது வேற, இது வேறம்மா. இது ஆய்வு. அது ஆட்டம்."

"அதே ஆட்டந்தானண்ணே?"

"மண்டபத்துல பராமரிப்பு நடக்குதுல்ல."

பதினொரு பேர் காலையிலிருந்து அந்தப் பராமரிப்புக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஈசா பாய் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "எங்க தலைவரே நடக்குது? உண்மையா எதுக்குப் பூட்டினீங்க?"

"பொம்பளைங்க சமாச்சாரம், பாய். எல்லாரு முன்னாடியும் பேச முடியாது."

இந்தப் பெருந்தன்மையைத் தேவகி உள்ளபடி மெச்சினாள். பூட்டிய அன்று நடந்ததை அவளும் புருஷனிடம் சொல்லவில்லை. எட்டுப் பேரில் ஒருத்தியும் வீட்டில் வாய் திறக்கவில்லை. அது தெரிந்துதான் தலைவர் இவ்வளவு நிம்மதியாகச் சிரிக்கிறார் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

தலைவர் குறிப்பேட்டை மூடினார். முறைப்படி ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "ஜோகெட்டுக்கு வேற ஏதாச்சும் அர்த்தம் யாருக்காவது தெரியுமா? இல்லன்னா கூட்டத்த முடிச்சுக்கலாம்."

"எனக்குத் தெரியும்" என்றாள் தேவகி. அவள் உட்காரவே இல்லை. "பூட்டுப் போட்ட அன்னிக்கு எங்க எட்டுப் பேரையும் வெளிய மழையில நிக்க வச்சு, நீங்களேதான் அர்த்தம் சொன்னீங்க. இது கூத்தியாளுங்க ஆடுற ஆட்டம்னு சொன்னீங்க. ஜாவாவுக்குப் போகல, அரபுக்குப் போகல. நல்ல தமிழ்லதான் சொன்னீங்கண்ணே."