ஹாலுக்குள் ஓடிய பஸ்

பஸ்ஸே இல்லாமல் கண்டக்டர் வேலை பார்ப்பவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் ஜமுனாமரத்தூரில், எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறார். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் தெருவில் அவரைப் பற்றிக் கூட்டிச் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. மறுநாளே அதற்கு மேல் ஒன்றைச் செய்து காட்டி அவர்களைத் தோற்கடித்துவிடுவார்.

போளூரிலிருந்து மலைக்கு வரும் பஸ் ஒன்றில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் ரைட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ இருக்கத்தான் வேண்டும். ஆனால் தேர்தல் சமயத்தில் அவர் பெயர் போட்ட சீட்டு வந்தபோது, அப்படி யாரும் இந்தத் தெருவில் இல்லை என்று திருப்பி அனுப்பியதே அவர் சம்சாரம்தான் என்பார்கள்.

ஓய்வு பெற்ற அன்று பையையும் டிக்கெட் கட்டையும் வாங்கிக்கொண்டவர்கள் விசிலை மட்டும் கேட்க மறந்துவிட்டார்கள். விளைவை நாங்கள் அனுபவிக்கிறோம். சாயங்காலம் ஆடுகளைப் பட்டியில் அடைக்கும்போது, "ஏறு, ஏறு, வழியில நிக்காத, பின்னாடி எடம் கீதில்ல" என்று குரல் கேட்கும். ஆடுகள் நம்மைவிட ஒழுக்கமானவை, பின்னால் தள்ளி நிற்கும். ரேஷன் கடை வரிசை, கோயில் வரிசை, ஆஸ்பத்திரி வரிசை எல்லாமே அவர் பார்வையில் பஸ்தான். ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா லேடீஸ் சீட்டில் உட்கார்ந்துவிட்டார் என்று எழுப்பிவிட்டிருக்கிறார். பெரியப்பா கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே அமிர்திக்குக் கிளம்ப, அவருக்கு ஜன்னலோரம் சீட்டும் பிடித்துக் கொடுத்து, ரெண்டு விசில் ஊதி வழியனுப்பியதும் ரைட்டுதான்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுசன்கூட ஃபுட்போர்டுலதாம்மா வந்துக்கினு கீறேன்" என்று அவர் சம்சாரம் என் மனைவி கவிதாவிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்.

அந்த முதல் சந்திப்பு, போன வருஷம் நாங்கள் பெங்களூரைக் காலி செய்துவிட்டு வந்த அன்று நடந்தது. அப்பாவும் அம்மாவும் தம்பியோடு ஆலங்காயத்தில் இருப்பதால் மலையில் எங்கள் வீடு பூட்டித்தான் கிடந்தது. சாமான் ஏற்றி வந்த மினி லாரி வாசலுக்கு ரிவர்ஸில் வரும்போது எங்கிருந்தோ ஒரு விசில் கேட்டது. மலையில் எல்லோருக்கும் தெரியும்: ஒரு விசில் என்றால் நில், ரெண்டு விசில் என்றால் போ. லாரிக்காரர் கர்நாடகக்காரர், அவருக்கு எல்லா விசிலும் ஒன்றுதான். வேலி ஓரத்து முருங்கை மரம் சாய்ந்தது. "வண்டிக்கு ஒண்ணும் ஆவல, ரைட்டு" என்று அறிவித்துவிட்டு, வாசற்படியில் வாயைப் பிளந்து நின்றிருந்த என்னைப் பார்த்து, "படியில நிக்காத தம்பி, உள்ள போ" என்றார் விசிலோடு வந்த ரைட்டு. என் வீட்டுக்குள் போக எனக்கு அனுமதி கிடைத்தது.

நாங்கள் ஊர் திரும்பியதே கவிதாவுக்காகத்தான். பல வருஷம் பரீட்சை எழுதி, காத்திருந்து, கடைசியில் மலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவளுக்கு அரசாங்க டீச்சர் வேலை கிடைத்தது. எனக்குக் கம்ப்யூட்டர் வேலை, எங்கிருந்தும் செய்யலாம். ஆகவே ரெண்டு வயது இனியாவைப் பகலில் நான் பார்த்துக்கொள்வேன் என்று மார்தட்டினேன். குழந்தை வளர்ப்பது பற்றி இருபது வீடியோக்கள் பார்த்திருந்தேன். இனியா அதில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

பெங்களூரில் அவள் எழும் முன் நான் கிளம்பிவிடுவேன், அவள் தூங்கிய பிறகு வந்து சேர்வேன். அவளுக்குத் தெரிந்த அப்பா, மத்தியானம் கவிதாவின் போனில் உள்ளங்கை அளவு தெரிகிற ஒரு மூஞ்சி. அந்த மூஞ்சியைப் பார்த்தால் "ப்பா" என்று முத்தம் கொடுப்பாள். இங்கே வந்ததும் அதே மூஞ்சி பெரிய சைஸில், கை கால் முளைத்து, கிண்ணத்தில் சாமைக் கஞ்சியோடு கிட்டே வந்தால் எந்தக் குழந்தைதான் அழாது? எனக்கே கண்ணாடியில் பார்த்தால் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், அவள் முன்னால் ஒரு போனைச் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய் இன்னொரு போனிலிருந்து வீடியோவில் கூப்பிட்டேன். சிரித்தாள். "வாயைத் திற கண்ணு" என்றேன். திறந்தாள். ஊட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை. ஓடி வந்து ஸ்பூனை எடுத்தேன். வாயை மூடிக்கொண்டு வீறிட்டாள். இதையே திரும்பத் திரும்பச் செய்ததில் எனக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது.

கவிதா இன்டர்வலில் ஓடி வந்து ஊட்டிவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி ஓடுவாள். ஹெச்.எம். ரெண்டு தரம் பொறுமையாகச் சொல்லிவிட்டார். குழந்தையும் இளைத்துப்போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே கவிதா சொன்னாள்.

"இந்த மாசம் பார்ப்பேங்க. அவ உங்ககிட்ட நிக்கலன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். எனக்கு வேற வழி தெரியல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தித் தப்பித்திருப்பேன். அவள் குரலில் கோபமே இல்லை. அவள் எத்தனை வருஷம் ராத்திரி கண் விழித்துப் படித்து அந்த வேலையை வாங்கினாள் என்பது எனக்குத் தெரியும். அதை என் கையாலாகாத்தனம் தின்னப் போகிறது என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் இனியாவின் அலறல் தெருவைத் தாண்டியபோது ரைட்டு வந்தார். கதவைத் தட்டவில்லை. ஒரு விசில் ஊதினார். அலறல் நின்றது. குழந்தை நிறுத்தியதா, பயத்தில் நானே மூச்சை நிறுத்தியதில் எனக்குக் கேட்கவில்லையா என்று இன்றுவரை தெரியாது.

"இன்னா தம்பி இது, கொயந்தய நிக்க வச்சினு சோறு ஊட்டற? எடம் குடு மொதல்ல" என்றவர், ஹாலில் கிடந்த நாற்காலிகளை ரெண்டு ரெண்டாக வரிசை கட்டினார். எல்லாமே சுவரைப் பார்த்து. இனியாவை முதல் வரிசை ஜன்னல் சீட்டில் ஏற்றினார். அவளுக்கு முன்னால் ஒற்றை நாற்காலி. அதில் என்னை உட்கார வைத்து, கையில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொடுத்தார். அதுதான் ஸ்டியரிங்.

"நீ டிரைவரு. வாய தொறக்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. வண்டிய மட்டும் ஓட்டு."

என் மூஞ்சியைக் குழந்தைக்குக் காட்டாமல் இருப்பதற்கு இதைவிட மரியாதையான வழி இருக்க முடியாது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி ஓட்ட ஆரம்பித்தேன். பின்னால் ரெண்டு விசில். போளூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு வாய் கஞ்சி. செக்போஸ்ட்டில் ஒரு வாய். அடிவாரத்துக் கோயிலில் நிறுத்தி, நான் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும், அதற்குள் ஒரு வாய். பிறகு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு நான் தட்டைத் திருப்பிச் சாய, இனியா சாய, ரைட்டு கஞ்சிக் கிண்ணத்தோடு சாய, ஜமுனாமரத்தூர் வந்து சேர்ந்தபோது கிண்ணம் காலி. "எல்லாம் எறங்கு" என்றார். இனியா சிரித்துக்கொண்டே இறங்கினாள். நான் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை, டிரைவர் அல்லவா.

அதிலிருந்து தினமும் மத்தியானம் வண்டி ஓடியது. என் ஆபீஸுக்குத்தான் கொஞ்சம் குழப்பம். ஒருநாள் மூணாவது வளைவில் இருக்கும்போது பெங்களூரிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேசினேன். பின்னால் விசில், "டீக்கடை வளவு, டீக்கடை வளவு, ஆள் எறங்கு" என்ற சத்தம். மேனேஜர் பதறிப்போய், வண்டி ஓட்டுகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஓட்டும்போது பேசாதே என்று கண்டித்துவிட்டு வைத்துவிட்டார். மத்தியானத்தில் நான் மலைப்பாதையில் இருப்பேன் என்று அங்கே எல்லோருக்கும் பரவிவிட்டது, அந்த நேரத்தில் ஒருத்தரும் கூப்பிடுவதில்லை. என் பத்து வருஷ உத்தியோகத்தில் நான் அடைந்த ஒரே சலுகை இது.

குழந்தைக்குக் கன்னத்தில் சதை வைத்தது. ஆனால் கவிதா ஏமாறுகிற ஆள் இல்லை. இனியா ரைட்டு அண்ணனிடம் சாப்பிடுகிறாளே தவிர உங்களிடம் எங்கே நிற்கிறாள், அவர் ஒருநாள் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ரைட்டு போனதும் இனியா என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மூலையில் அவள் விளையாடுவாள், இன்னொரு மூலையில் நான் டைப் அடிப்பேன், வெயிட்டிங் ரூமில் முன்பின் தெரியாத ரெண்டு பேர் உட்கார்ந்திருப்பதுபோல.

மாசக் கடைசியில் அந்த ஒருநாள் வந்தது. ரைட்டுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு வேலூர் போய்விட்டார். அன்றைக்கென்று கவிதாவின் பள்ளியில் இன்ஸ்பெக்ஷன், இடையில் ஓடி வர முடியாது. வாசலில் செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொள்கிறேன், நீ தைரியமாகப் போ என்றேன். என் குரலே எனக்கு நம்பிக்கையாக இல்லை.

இத்தனை நாள் முதுகுக்குப் பின்னால் கேட்டதில் எல்லா ஸ்டாப்பும் எனக்கு மனப்பாடம். நாற்காலிகளை வரிசை கட்டினேன். இனியா தானாகவே ஜன்னல் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். விளையாட்டுச் சாமான்களில் கிடந்த பிளாஸ்டிக் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கஞ்சிக் கிண்ணத்தோடு அவள் பக்கத்தில் நின்று, ரெண்டு விசில் ஊதினேன். "போளூர்" என்று ஸ்பூனை நீட்டினேன்.

வாய் திறக்கவில்லை.

செக்போஸ்ட் என்றேன். கோயில் என்றேன், கிண்ணத்தோடு கன்னத்திலும் போட்டுக்கொண்டதில் காதெல்லாம் கஞ்சி. வளைவில் நான் மட்டும் சாய்ந்து அடுத்த நாற்காலியில் விழுந்தேன். அவள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, நகராத பஸ்ஸில் மாட்டிக்கொண்ட பயணி மாதிரி என்னையே பார்த்தாள். உதடு பிதுங்க ஆரம்பித்தது. அவ்வளவுதான், கவிதாவின் ராஜினாமாக் கடிதத்தை நானே டைப் அடித்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இனியா சீட்டை விட்டு இறங்கினாள். என்னிடம் வந்தாள். என் கழுத்திலிருந்த விசிலைப் பிடித்து இழுத்துக் கழற்றினாள். பிறகு என் விரலைப் பிடித்தாள். அதுவரை அவளாக என்னைத் தொட்டதே இல்லை. இழுத்துக்கொண்டு போய், முன்னால் காலியாக இருந்த ஒற்றை நாற்காலியில் தட்டினாள்.

"ப்பா ஓட்டு."

போனைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

இத்தனை நாளும் நான் அந்த பஸ்ஸில் ஒரு சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்து உட்கார வைத்த ஒரு முதுகு. அவளுக்கோ அந்த முதுகுதான் வண்டியை ஓட்டியிருக்கிறது. டிரைவர் சீட்டைக் காலியாக விட்டுவிட்டு ரெண்டு விசில் ஊதிய முட்டாளை மலைப்பாதையில் எந்தப் பயணிதான் நம்புவார்? உட்கார்ந்தேன். தட்டைத் திருப்பினேன். பின்னாலிருந்து பிசிறு தட்டிய ரெண்டு விசில். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே, இன்னொரு கையால் ஸ்பூனைத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினேன். சட்டையெல்லாம் கஞ்சி. ஆனால் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஸ்பூன் காலியாகித் திரும்பியது. கண் கலங்கியதால் காலண்டர் சரியாகத் தெரியவில்லை, வளைவுகளை உத்தேசமாகத்தான் திருப்பினேன்.

சாயங்காலம் கவிதா வந்தபோது இனியா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். காலி கிண்ணத்தையும் என் சட்டையையும் மாறி மாறிப் பார்த்த கவிதா, பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். வேலையை விடுவது பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

ரெண்டு நாள் கழித்து ரைட்டு திரும்பினார். ஒரு கண்ணில் பச்சைத் துணி. மத்தியானம் எங்கள் வாசல்வரை வந்தவர், உள்ளே வண்டி ஓடுகிற சத்தம் கேட்டு அங்கேயே நின்றுவிட்டார். நான் எழுந்து போனேன்.

"கொயந்த துன்னுதாமே, கவிதாம்மா சொல்லிச்சு" என்றார். "இனிமே நம்ம சர்வீஸ் இன்னாத்துக்கு. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் குரல் அவ்வளவு சின்னதாகக்கூட வரும் என்று எனக்குத் தெரியாது. விசிலையும் காணோம். ஆஸ்பத்திரியில் கழற்றச் சொன்னார்களாம், பிறகு மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லையாம்.

என்னால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை, ஒரு கையில் ஓட்டி ஒரு கையில் ஊட்டி என் சட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை, நீங்கள் வந்தே தீரவேண்டும் என்றேன். முந்தைய நாள் ஒரு பருக்கைகூட சிந்தாமல் ஊட்டியிருந்தேன். பொய் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். ஒற்றைக் கண்ணால் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "படியில நிக்காத, உள்ள போ" என்று அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டதும்தான், அவர் இல்லாத ரெண்டு நாளாக எனக்கும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்பது உறைத்தது.