பச்சைத் துளிப் படலம்

முப்பத்திரண்டு முத்துகளின் காவலன், கடைவாய்ப் பல்லின் வேரடிவரை சிறு கண்ணாடியால் துருவிக் காணும் கூர்விழியாளன், ஊசிமுனை கண்டு நடுங்கும் நெஞ்சங்களை "ஒன்னுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்னும் ஒற்றை மந்திரத்தால் நாற்காலியோடு கட்டிவைக்கும் நாவலன், வெள்ளங்கி தரித்த பல் மருத்துவன் நீடு வாழ்க. அவனை ஒன்பதாண்டுகளாக முணுமுணுக்காமல் சுமந்த வெண்ணிறத் தேரும், நாற்சக்கரமும் நலியாது, உடன் வாழ்க. இரும்பின் உள்ளறைகளில் ஓயாது சுற்றும் நீரே, எண்ணெயே, காற்றே, நீங்கள் முன்கூட்டிச் சொல்லியும் கேளாத ஒருவனின் போர்க்கதையைப் பாடப் புகுந்தேன். என் சொல் வழியில் நின்றுவிடாமல் காப்பீராக.

அம்மாவீரனுக்கு ஒரே மகள். கால்நடை மருத்துவம் கற்றுத் தேர்ந்தவள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத நோயாளிகளின் மூச்சையும் முடியையும் சாணத்தையும் கண்டே நோய் அறியும் நுண்மாண் நுழைபுலத்தாள். பால்பண்ணைகள் பலவற்றுக்கும் தானே வண்டியோட்டிச் சென்று பசுக்களைப் பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. ஆனால் மாத இறுதிக்குள் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால்தான் அது அவளுடையது. இல்லையேல் பட்டியலில் அடுத்த பெயருக்குரியவருக்குப் போய்விடும். ஓட்டுநர் தேர்வுக்கு அவள் நாள் வாங்கியிருந்தாள். தேர்வுக்கெனக் குறித்த ஊர்தியோ தந்தையின் தேர்.

தேர் தன் முதல் தூதினைத் தரைவழியே அனுப்பிற்று. தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு காலை, வண்டி நின்ற இடத்துச் சிமெண்டுத் தரையில், மரகதத்தை உருக்கி வார்த்தாற்போல் ஒரு பச்சைத் துளி பளபளத்தது. மகள் குனிந்து, விரலால் தொட்டு, முகர்ந்தாள்.

"அப்பா, வண்டிக்குக் கீழ என்னமோ சொட்டுது."

"ஏசி தண்ணிம்மா அது."

"ஏசி தண்ணி பச்சையாவா இருக்கும்? இது கூலன்ட்டுப்பா. இன்ஜின் சூடாகாம இருக்க ஊத்துறது. எங்கயோ ஒழுகுது."

தூதனை அவமதித்த மன்னரின் கதைகள் எத்தனை கேட்டும் திருந்தாத உலகம் இது. பல் மருத்துவன் வண்டியை இரண்டடி முன்னே நகர்த்தி நிறுத்தினான். அவ்வளவில் பழைய துளி கண்ணுக்கு மறைந்தது; நோய் தீர்ந்ததென்று அவன் நெஞ்சு நிமிர்ந்தது.

இரண்டாம் தூது ஒலிவடிவில் வந்தது. விடியலில் சாவி திருப்பும்போதெல்லாம், தாயைப் பிரிந்த நாய்க்குட்டி போல 'கீ' என்று ஒரு நெடுங்குரல் முன்பக்கத்திலிருந்து எழுந்து, தெருமுனை தாண்டியதும் அடங்கியது. அருகே அமர்ந்திருந்த மனைவி, மாவட்ட நூலகத்தில் பிறர் கிசுகிசுப்பையும் அளந்து அடக்கும் செவிச்செல்வி, அதை முதல் நாளே பிடித்துவிட்டாள்.

"ஏங்க, வண்டி முனகுதுங்க. ஒரு தடவ மெக்கானிக்கிட்ட காட்டிடுங்களேன்."

"காலைல யாருக்குத்தான் தொண்டை கட்டல?"

இவ்வாறு திருவாய் மலர்ந்து அவன் வானொலியின் ஒலியைக் கூட்டினான். முனகல் கேட்கவில்லை. கேளாத ஒலி இல்லாத ஒலியே என்னும் தத்துவத்தில் தேர் மூன்று வாரம் ஓடியது.

மூன்றாம் தூது ஒளியாய்த் தோன்றியது. வேகமானியின் அருகே, இருள்வானில் தனித்தெழுந்த செவ்வாய்க்கோள் போலச் சிறு செந்நிற விளக்கொன்று இமையாமல் எரிந்தது. அதன் பொருள் உறை பிரியாத கையேட்டில் இருந்தது. கையேடோ தேரின் சிறு பேழைக்குள் பிளாஸ்டிக் உறையோடு ஒன்பதாண்டுகளாகத் துயின்றது. நம் வீரன் அதை எழுப்பவில்லை. வெள்ளங்கிப் பையிலிருந்து காயத்துக்கு ஒட்டும் பட்டை ஒன்றை உருவி, நகத்தளவு கத்தரித்து, அறுவை செய்யும் அதே நிதானத்தோடு அந்த விளக்கின் மீது ஒட்டினான். கண்ணில் உறுத்திய ஒளி அடங்கியது. அன்று அவன் சீழ்க்கையடித்துக்கொண்டே பணிக்குப் போனதாகச் சான்றோர் சொல்வர்.

தேர்வு நாள் வந்தது. பதினொரு மணிக்குத் தேர்வு. பத்தேகால் மணிக்குத் தந்தை வலவனாய் முன்னமர, மகள் படிவங்களை மார்போடணைத்து இடப்புறம் அமர, தேர் புறப்பட்டது. மேம்பாலத்தின் உச்சியில் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் இருசக்கரப் படைகளும் கடலலை கடலலையோடு மோதி நின்றாற்போல் நெருங்கி நின்றன. நகர இடமில்லை. நின்ற தேரின் வயிற்றுக்குள் வெப்பம் திரண்டது. வெப்பமானியின் முள், கோட்டைச் சுவரேறும் ஒற்றன் போல் மெல்ல மெல்ல மேலேறி, நடுவைக் கடந்து, சிவப்பு எல்லையின் வாயிலில் கை வைத்தது.

"அப்பா, ஏசிய நிறுத்துங்க. ஹீட்டரப் போடுங்க. முழுசா."

"இந்த வெயில்லயா?"

"இன்ஜின் சூட்ட நாம வாங்கிக்கணும்பா. ஜன்னலத் திறங்க."

ஐயகோ, அடுத்து நிகழ்ந்த பெரும்போரை எந்நாவால் உரைப்பேன். உச்சி நோக்கி ஏறும் கதிரவன் கூரைமேல் நின்று எய்ய, இயந்திரத்தின் உள்ளனல் காற்றுவாய்கள் வழியே முகத்தில் அறைய, இரு பெரும் நெருப்புகளுக்கு நடுவே தந்தையும் மகளும் ஊழித்தீயின் இடைப்பட்ட இரு தளிர்களென வாடினர். அவன் சட்டை முதுகோடு ஒட்டியது. அவள் படிவத்தின் மேல் வியர்வை சொட்டிப் பெயரின் முதலெழுத்து கரைந்தது. பக்கத்துப் பேருந்தின் பயணிகள் கண்ணாடி வழியே குனிந்து நோக்கினர். முள் ஒரு மயிரிழை இறங்கியது. பின் இறங்கியதற்கு நாணியதுபோல் பாய்ந்தேறியது. முன்மூடியின் இடுக்குகளிலிருந்து வெண்புகை எழுந்து, இனிப்பான ஒரு வாடையோடு படைமுகத்தை மூடியது.

பாலத்தின் இறக்கத்தில் தேரை ஓரங்கட்டி, நான்கு மூலை விளக்குகளும் சிமிட்ட, இருவரும் இறங்கினர். வீரம் மீதூரப் பெற்ற மருத்துவன் முன்மூடியைத் தூக்கி, கைக்குட்டையைக் கவசமாகச் சுற்றி, கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை நோக்கிக் கை நீட்டினான். அந்தக் கையை மகள் மணிக்கட்டில் பற்றி நிறுத்தினாள்.

"தொடாதீங்கப்பா. திறந்தா கொதிதண்ணி மூஞ்சில அடிக்கும். ஆறட்டும். அரை மணி நேரமாவது ஆகும்."

அரை மணி என்றால் தேர்வு போய்விடும். மருத்துவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். இரண்டு மாதமாகத் தன்னிடம் பேசிய பச்சையும் ஓசையும் சிவப்பும் இப்போதுதான் ஒருங்கே அவன் நெஞ்சில் வந்திறங்கின.

"ரெண்டு கிலோமீட்டர்தான் இருக்கு. மெதுவா ஓட்டிடலாம்மா. வண்டிக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்."

ஆசை அவளுக்கும் இருந்தது. புகையும் முன்பக்கத்தை, மூச்சிரைத்து விழுந்த பசுவைப் பார்ப்பதுபோல் நின்று பார்த்தாள்.

"இப்ப ஓட்டினா இன்ஜின் போயிடும். வாயில்லாத ஜீவன்பா இது. வேண்டாம்."

அவ்வளவுதான். அவள் கண்ணைத் துடைத்தது வியர்வைக்காகவா என்று தந்தை கேட்கத் துணியவில்லை. அவள் மெக்கானிக்குக்குத் தொலைபேசியில் சொன்னாள். தந்தையோ அவள் கையிலிருந்த படிவங்களை வாங்கிக்கொண்டு, தேரிழந்த தேரோனாய், மேம்பாலத்துக் கொடுவெயிலில் தேர்வு அலுவலகம் நோக்கிக் கால்நடையாகவே படையெடுத்தான். வழியில் அவன் காலணியின் தார் ஒட்டிய அடிகளை எண்ணினார் யாருமில்லை.

தேர்வு அலுவலகத்தின் மூன்றாம் சாளரத்தில், கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திய எழுத்தர் அம்மையார் வீற்றிருந்தார். மறுதேதி கேட்பதற்கொரு படிவம் உண்டு.

"காரணம்னு போட்டிருக்கற எடத்துல எழுதுங்க சார்."

முன்னாள் வழக்கப்படியாயின் 'எதிர்பாராத கோளாறு' என்று எழுதியிருப்பான். பேனா சற்று நின்றது. பின் 'கவனிக்காமல் விட்டது' என்று எழுதினான். அம்மையார் படித்தார்.

"யாரு கவனிக்காம விட்டது?"

"நான்தாங்க. பொண்ணு முதல் நாளே சொன்னா."

அம்மையார் அவனைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை பார்த்தார். பேரேட்டைப் புரட்டினார். இருபத்தேழாம் தேதி காலையில் ஓரிடம் காலியாய் இருந்தது.

அவன் திரும்பி வந்தபோது, எண்ணெய்க்கறை பூண்ட தொழில்நெறி வித்தகன், மெக்கானிக், தேரின் உட்குடலில் தலை நுழைத்திருந்தான். தலையை வெளியே எடுத்ததும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்பினான். விளக்கின் மேலிருந்த பட்டையைக் கண்டான்.

"சார், இங்க யாருக்கு அடிபட்டுச்சு?"

மருத்துவன் கை நீட்டி அந்தப் பட்டையை உரித்தெடுத்தான்.

"எத்தன நாளா சொட்டுது?"

"ரெண்டு மாசமா."

"தண்ணி பம்ப்புல கசிவு சார். பெல்ட்டும் நைஞ்சு போச்சு, அதான் காலைல கத்திருக்கும். லேசா இருக்கறப்பவே வந்திருந்தா இவ்வளவு வேலை இல்ல. பாப்பா நிறுத்தினதால இன்ஜின் பொழச்சுது."

லேசா இருக்கும்போதே வந்திருக்கக் கூடாதா என்னும் அதே சொல்லைத் தன் நாற்காலியில் சாய்ந்தவரிடம் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சொல்பவன் மருத்துவன். அதைத் திறந்த வாயோடு கேட்பது எத்தகையது என்பதை அன்று மேம்பாலத்தின் இறக்கத்தில் அறிந்தான்.

புதிய பம்ப்பும் புதிய பெல்ட்டும் பூண்ட தேரை மகள் இருபத்தேழாம் நாள் எட்டுப்போலத் திருப்பினாள், பின்னோக்கிச் செலுத்தினாள், மேட்டில் நிறுத்தி வழுவாது எடுத்தாள், தேறினாள். முப்பதாம் நாள் உரிமம் பண்ணை அலுவலகத்தின் மேசைமேல் இருந்தது.

அன்றிரவு உணவு மேசையில், மனைவியும் மகளும் சாட்சியாக, பல் மருத்துவன் எழுந்து நின்று சூளுரைத்தான். கதிரவன் கிழக்கில் எழத் தவறினும் தான் தவறாது ஞாயிறுதோறும் வைகறையில் துயிலெழுந்து, எண்ணெயின் அளவுகோலை உருவித் துடைத்து மீண்டும் அமிழ்த்திக் காண்பதாகவும், குளிர்நீர் குறைந்ததா என நோக்குவதாகவும், நாற்சக்கரத்தின் காற்றையும் மின்கலத்தின் முனைகளில் பூக்கும் வெண்பூஞ்சையையும் சோதிப்பதாகவும், தேரடியில் ஒரு துளி விழினும் அதன் நிறமும் மணமும் அறியாமல் பல் துலக்குவதில்லை எனவும் வானும் மண்ணும் அதிர மொழிந்தான். ஞாயிறும் வந்தது, கீழ்வானம் சிவந்தது, பறவைகள் ஆர்த்தன, தேர் தன் போர்வை களைந்து, முன்மூடி திறந்து, சூளுரைத்த செம்மலின் வரவை நோக்கிக் காத்து நின்றது.

பொண்ணு ஆயில் பார்த்துட்டுக் கைய கழுவுறா, அப்பா இன்னும் தூங்கிட்டு இருக்கார்.